அறுபது சட்டைக்கு ஒரே நெஞ்சு

கிடங்கு வாசலில் மருதையின் படம் போட்ட ஃப்ளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மருதை உள்ளே அடுக்கிய யூரியா மூட்டை அட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ‘ஆண்டின் சிறந்த சுமைப்பணியாளர்’ என்று ஃப்ளெக்ஸில் எழுதியிருந்தது. படத்தில் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். படமெடுத்தவன் நிமிர்த்தச் சொன்னான். எடுத்து முடித்ததும் பழையபடி வளைந்துகொண்டார்.

திருச்சிக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி அந்தக் கிடங்கு. கம்பெனிக்கு அதுபோல மாநிலம் முழுக்கப் பதினொன்று. எல்லாவற்றிலும் ஆட்கள் சட்டை போட்டுக்கொண்டுதான் மூட்டை தூக்கினார்கள். சட்டை என்றால் துணி இல்லை. தோள் முதல் கணுக்கால் வரை கவ்விப் பிடிக்கும் இரும்புக்கூடு. முதுகில் மோட்டார், இடுப்பில் பேட்டரி, நெஞ்சுக்கு நேரே ஒரு கம்ப்யூட்டர். கம்பெனி அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. லோடுமேன்கள் சட்டை என்றார்கள். கூட்டுக்குள் ஓர் ஆள் நின்றால் நான்கு மூட்டையை ஒன்றாகத் தூக்கலாம். முன்பு ஒரு மூட்டைக்கு இடுப்பு போனது. இப்போது நான்கு மூட்டைக்கு ஒரே தடவையில் போகிறது. முன்னேற்றம் என்றால் அதுதான்.

இயந்திர மனிதர்களை வைத்தும் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. இயந்திரம் கெட்டால் கம்பெனி பழுது பார்க்க வேண்டும். லோடுமேன் கெட்டால் பெரியாஸ்பத்திரி பழுது பார்த்துக்கொள்ளும்.

மருதைக்கு நெஞ்சில் அடைப்பு இருந்தது. பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஆபரேஷன் பண்ணிக்க. ரெண்டு மாசம் கைவேலை செய்யாம இரு” என்றார்கள். இரண்டு மாதம் வராதவன் பெயரைக் கம்பெனி அடித்துவிடும். பெயர் போனால் மருத்துவ அட்டை போகும். அட்டை போனால் இப்போது விழுங்குகிற மாத்திரையும் போகும். ஆக, உயிரோடு இருக்க வேண்டுமானால் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது என்று மருதை முடிவு செய்திருந்தார்.

ஆனால் மூட்டை யார் தூக்குவது? அதற்கு அவரோடு சேர்ந்து சுமக்கும் செட்டு இருந்தது. செட்டில் ஒருவன் முடியாமல் உட்கார்ந்தால் அவன் பங்கை மற்றவர்கள் தூக்கிவிடுவது சட்டை வருவதற்கு முந்தைய வழக்கம். சட்டை வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. காலையில் மருதை தன் சட்டைக்குள் ஏறுவார், வருகை பதிவாகும். இரண்டு நடை நடப்பார். மூச்சு இளைத்ததும் அட்டிக்குப் பின்னால் போய் இறங்குவார். அந்த நேரத்தில் கை ஓய்ந்திருக்கிற எவனாவது ஏறிக்கொள்வான். அவன் களைத்தால் அடுத்தவன். மருதையின் சட்டைக்குள் எப்போதும் களைக்காத ஆள் நின்றான்.

இதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. செட்டில் ஒவ்வொருவனும், மற்றவன் எவ்வளவு தூக்கினான் என்று கேட்காமல், ‘பாவம் மருதை, நம்ம பங்குக்கு நாலு சேர்த்துப் போடுவோம்’ என்று போட்டான். எல்லோரும் போட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் வருடக் கணக்கு பார்த்தால் பதினொரு கிடங்கிலும் முதல் ஆள் மருதை.

அன்று மேஸ்திரி பிச்சைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்ப்பா, காப்பாத்துங்கடான்னா, கலெக்டர் ஆக்கி விட்டுட்டீங்களேடா!”

---

மேலாளர் கோதண்டத்துக்கு அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோசனை வந்தது. யோசனை வருகிற ஆள் அல்ல அவர். வந்ததும் அவரே மிரண்டுபோய் நேராக சிஸ்டம் அறைக்கு ஓடினார்.

சிஸ்டம் அறையில் ஜெசிந்தா இருந்தாள். பதினொரு கிடங்கின் சட்டைகளுக்கும் சர்வர் அந்த அறையில்தான். பாலக்கரைக்காரி. அவள் அப்பாவும் லோடுமேனாக இருந்து, முதுகு விட்டுப்போய் வீட்டில் கிடப்பவர். அதனால் லோடுமேன்களைப் பார்த்து அவளுக்கு இரக்கமும் வராது, மரியாதையும் பொங்காது. ‘அண்ணே’ என்பாள், அவ்வளவுதான்.

“ஏம்மா, தீபாவளி கழிச்சு எல்லாச் சட்டைக்கும் புது இயங்குதளம் ஏத்தணுமில்ல? ஒவ்வொண்ணா ஏத்தினா எவ்வளவு நாளாகும்?”

“ஒவ்வொண்ணா யாரு சார் ஏத்துவா? ஒரு சட்டையில முழுசா ஏத்தி, அதை அப்படியே பிரதி எடுத்து சர்வர்ல வச்சுடுவேன். மத்த சட்டையெல்லாம் அழிச்சுட்டு ஸ்விட்சைப் போட்டா, உள்ள ஒண்ணும் இருக்காது. பொறந்த குழந்தை மாதிரி நெட்வொர்க்ல கூப்பாடு போடும், ‘நான் யாரு, நான் யாரு’ன்னு. சர்வர் பிரதியை எடுத்து நீட்டும், ‘நீ இதுதான்’னு. அதுவும் நம்பிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.”

“அப்ப அந்த ஒரு சட்டை மருதையோடதா இருக்கட்டும்!”

“எதுக்கு?”

“அதான் நம்பர் ஒன். அவன் கால் எப்படி வைக்கிறான், எப்படிக் குனியறான், எல்லாம் அது கத்து வச்சிருக்கும்ல? அதை நம்ம கிடங்கு சட்டை அறுபதுக்கும் போட்டா அறுபது மருதை! பதினோரு கிடங்குக்கும் போட்டா...” கணக்கு அவருக்கு வரவில்லை. கையை விரித்துக் காட்டினார்.

“போடலாம் சார். ஆனா பிரதி எடுக்கறதுக்கு முன்னாடி அந்தச் சட்டையில இருக்கற ஆளை அழிக்கணும். பேரு, நெஞ்சுத் துடிப்பு எல்லாம். புது இயங்குதளம் துடிப்பை வச்சுத்தான் ஆளைத் தெரிஞ்சுக்கும். அழிக்கலைன்னா எல்லாச் சட்டையும் தன்னை மருதைன்னு நெனச்சுக்கும்.”

“நெனச்சுக்கட்டுமே! அதானே நமக்கு வேணும்!”

“சார், அது நல்லதில்ல...”

“ஏம்மா, நீ அழிக்கறேன்னு சொல்லி அவன் திறமையையும் சேர்த்து அழிச்சுட்டா? ஒரு புள்ளி அழியக் கூடாது. அவன் எப்படியோ அப்படியே வேணும். எம்.டி.கிட்ட சொல்லிட்டேன். சபாஷ்னுட்டாரு.”

எம்.டி. சபாஷ் சொன்ன பிறகு இயற்பியல் விதிகூட அந்தக் கம்பெனியில் செல்லாது.

---

சேதி தெரிந்ததும் பிச்சைமுத்துவும் மருதையும் சிஸ்டம் அறைக்கு வந்தார்கள். இரண்டு பேர் மேலும் சிமெண்டுத் தூசி. உட்காரச் சொன்னதற்கு, நாற்காலி அழுக்காகிவிடும் என்று நின்றே பேசினார்கள்.

“பாப்பா, வேற ஆளு சட்டையை எடுத்துக்கயேன். இவன் சட்டை சரியில்ல” என்றார் பிச்சைமுத்து.

“நம்பர் ஒன் சட்டைண்ணே அது.”

“அதான் சரியில்லைங்கறேன்.”

ஜெசிந்தா இருவரையும் பார்த்தாள். மருதை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று படி ஏறி வந்ததற்கு அந்த மூச்சு.

“அண்ணே, அந்தச் சட்டைக்குள்ள யாரு நின்னா?”

“எல்லாரும்தான்” என்றார் மருதை.

பிறகு பிச்சைமுத்து மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்ததும் ஜெசிந்தா சிரித்துவிட்டாள். சிரித்ததும் அவளுக்கே சங்கடமாக இருந்தது.

“புது இயங்குதளத்துல காலையில ஏறின நெஞ்சே சாயந்தரம் வரைக்கும் உள்ள இருக்கணும்ணே. ஆள் மாத்த முடியாது.”

“அப்ப நானே தூக்கணுமா?” என்றார் மருதை.

“ஆமா.”

“எத்தனை நாளைக்கு?”

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். மருதைக்குப் பதில் தெரிந்திருந்தது. தோளைக் குலுக்கிக்கொண்டார்.

“மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?” என்றாள் ஜெசிந்தா.

“சொல்லு. ஏமாத்துனோம்னு அறுபது பேரையும் வெளிய அனுப்புவான். நெஞ்சு நோயாளிக்குத் துணைக்கு அம்பத்தொம்பது பேரு ரோட்டுல. நல்லாருக்கும்” என்றார் பிச்சைமுத்து.

தீபாவளி கழிந்த ஞாயிறு பகல் ஜெசிந்தா தனக்குச் சொன்னதைச் செய்தாள். ஒரு புள்ளியும் அழிக்கவில்லை. கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிய சட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து நான் யார் என்று கேட்டன. சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னது. மாலைக்குள் மாநிலம் முழுக்கப் பதினொரு கிடங்கிலும் மருதைகள் தொங்கினார்கள்.

---

திங்கட்கிழமை காலை சட்டைக்குள் ஏறியவர்கள் ஏறியபடியே நின்றார்கள். ஒன்றும் அசையவில்லை. மதுரையிலிருந்து போன், சேலத்திலிருந்து போன், எல்லா இடத்திலும் ஆட்கள் இரும்புக்குள் மாட்டிக்கொண்டு கொல்லைப் பொம்மை மாதிரி காக்கா ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

மருதை தாமதமாக வந்தார். வீட்டில் மனைவி தைலம்மையிடம் என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார். யாரையும் பார்க்காமல் போய்த் தன் சட்டைக்குள் ஏறினார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது.

அறுபது சட்டையும் ஒன்றாக நிமிர்ந்தன.

“பாத்தியா, பாத்தியா!” என்று கோதண்டம் கை தட்டினார்.

மருதை நான்கு மூட்டையைத் தூக்கினார். நடந்தார். இன்னும் நான்கு. மூன்றாம் நடையில் நெஞ்சு தடதடத்தது. அப்போது அவருடைய சட்டை மெதுவாக மூட்டையை இறக்கியது. முழங்காலை மடக்கியது. உட்கார்ந்தது. கூடவே மற்ற சட்டைகளும் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தன, உள்ளே இருந்த ஆட்களோடு. லாரி மேல் நின்றவன் லாரி மேலேயே உட்கார்ந்தான். மதுரையிலும் உட்கார்ந்தார்கள். சேலத்திலும்.

“என்னம்மா இது? எல்லாப் பயலும் பந்தியில உக்காந்த மாதிரி உக்காந்துட்டான்!” கோதண்டத்தின் குரல் கிறீச்சிட்டது.

“சார், சட்டை தானா முடிவெடுக்காது. ‘மருதை வந்தாச்சா, எப்படி இருக்காரு’ன்னு சர்வரைக் கேக்கும். சர்வருக்குத் தெரிஞ்சு எல்லாச் சட்டையும் ஒரே ஆள். அந்த ஆளு நெஞ்சு வேகமா அடிச்சா, ‘மருதை, உக்காரு’ன்னு சொல்லுது. எல்லா மருதையும் உக்காருது.”

“அப்ப அவனை என்ன பண்ணச் சொல்ற?”

“அவரு தூக்காம இருந்தா எல்லாரும் தூக்கலாம்.”

கோதண்டம் நெடுநேரம் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு மாநிலத்தின் சிறந்த சுமைப்பணியாளரிடம் போய், “யோவ், நீ ஒண்ணும் தூக்காத. சும்மா உக்காரு” என்றார்.

மருதை உட்கார்ந்தார். நெஞ்சு அடங்கியது. மாநிலம் எழுந்து நின்றது.

---

ஒரு நெஞ்சு ஏன் மூன்று நடையில் தடதடக்கிறது என்று தலைமை அலுவலகம் கேட்டது. டாக்டரை அனுப்பினார்கள். அவர் அடைப்பைக் கண்டுபிடித்து எம்.டி.க்குச் சொன்னார். எம்.டி. சிஸ்டம் அறையின் பெரிய திரையில் தோன்றினார். பின்னால் பெரிய சன்னல், சன்னலில் கடல்.

“ஹார்ட் பேஷண்டையா பெஸ்ட் ஒர்க்கர்னு கொடுத்தீங்க, கோதண்டம்? தகுதியில்லாத ஆளு. இன்னைக்கே பேரை எடுத்துடுங்க.”

“சார், பேரை எடுத்தா...” என்று தொடங்கினாள் ஜெசிந்தா.

“எடும்மா.”

எடுத்தாள். வெளியே மூட்டைகள் தடதடவென்று விழும் சத்தம் வந்து நின்றது. பிறகு அமைதி. எம்.டி.யின் மேசையில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றாக வைத்தார்.

“என்னாச்சு?”

“மருதைன்னு யாருமில்லன்னு சர்வர் சொல்லிடுச்சு சார். அதனால எந்தச் சட்டையிலும் யாருமில்ல.”

“திரும்பப் போடு! போடு!”

போட்டாள். மருதை வேலையில் சேர்ந்தார். வேலை போய்த் திரும்பி வந்தது அவருக்கே தெரியாது. அட்டிக்கு அருகில் சட்டைக்குள் உட்கார்ந்தபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இதைச் சரிபண்ண எத்தனை நாளாகும்?” எம்.டி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா கீபோர்டைப் பார்த்தாள். ஒரு மாதிரிச் சட்டையை எடுத்து, உள்ளே இருக்கிற ஆளை அழித்து, பிரதி எடுத்து, எல்லாவற்றிலும் ஏற்ற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சரிசெய்த அன்றே மருதையின் பெயர் போய்விடும். அட்டை போகும். மாத்திரை போகும்.

“மூணு மாசமாவது ஆகும் சார்” என்றாள்.

ஒரு ஞாயிறு போதும் என்று அவளே சொன்னது கோதண்டத்துக்கு நினைவில்லை. பிறர் சொன்னதை நினைவில் வைக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

---

அன்றிலிருந்து மருதை கம்பெனியின் செல்லப்பிள்ளை ஆனார். கிடங்கின் நடுவில் ஒரு மேடை. மேடையில் சட்டை. சட்டைக்குள் மருதை. தலைக்கு மேலே மின்விசிறி. உப்பில்லாச் சாப்பாடு எம்.டி. செலவில் வந்தது. காலையில் கம்பெனி கார் வீட்டுக்கே போய் அவரை ஏற்றி வந்தது. முந்தைய வருடம் மயங்கி விழுந்தவரை அதே கம்பெனி சரக்கு ஆட்டோவில், வெங்காய மூட்டைக்கு நடுவே போட்டு அனுப்பியிருந்தது. அது வேறு மருதை.

பக்கத்தில் போவோர் வருவோர் சும்மா போகவில்லை.

“மகராசா, சீக்கிரம் கோவப்படுங்க. கை வலிக்குது, கொஞ்ச நேரம் உக்காரணும்.”

“போடா நாயே” என்பார் மருதை. துடிப்பு கொஞ்சம் ஏறும். எல்லாச் சட்டையும் ஒரு கணம் தயங்கும். செட்டு முழுக்கச் சிரிப்பு. கோதண்டம் ஓடி வருவார்: “யாருய்யா அவனைச் சிரிக்க வச்சது?”

கிரிக்கெட்டைத் தடை செய்தார்கள். ஒரு கடைசி ஓவரில் சேலத்தில் மிளகாய் லாரி நடுவழியில் நின்றுவிட்டது. செய்தி பார்ப்பதைத் தடை செய்தார்கள், போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் தைலம்மையோடு சண்டை போட்டுவிட்டு வந்த அன்று பதினொரு கிடங்கும் பகல் வரை எழவில்லை. கோதண்டமே கையில் பூவோடு போய், “தங்கச்சி, குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், விட்டுக்கொடுத்துப் போங்க” என்று பஞ்சாயத்து பேசிவிட்டு வந்தார். அவர் மனைவி அவரைவிட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் சிரிக்கக்கூடிய விஷயமாகவே போய்க்கொண்டிருந்தது. மார்கழியில் ஒரு நாள் அது நின்றது.

அன்று காலை மருதை சட்டைக்குள் ஏறிய பிறகு, அலுவலகத்துக்குத் தைலம்மை போன் செய்தாள். அரியலூரில் மருதையின் அக்கா ராசாம்பாள் இறந்துவிட்டாள். தாய் இல்லாத மருதையைத் தூக்கி வளர்த்தவள். “உடனே அனுப்பி வைங்க, மத்தியானம் எடுத்துருவாங்க” என்றாள்.

கோதண்டம் “சரிம்மா, சொல்லிடறேன்” என்றார். சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போக வேண்டிய சரக்கு அன்று. சொன்னால் நெஞ்சு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். மேடைக்கு வந்து, “என்ன மருதை, காத்து வருதா?” என்று விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். தைலம்மை திரும்பத் திரும்பப் போன் செய்தாள். எடுக்கவில்லை. கடைசியில் அவள் மட்டும் பஸ் ஏறினாள்.

மாலையில் கடைசி லாரி போன பிறகு, மருதை சட்டையை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கோதண்டம் சொன்னார்.

மருதை செருப்பை மாட்டினார். பிறகு ஏன் மாட்டினோம் என்று தெரியாதவர்போலக் கழற்றினார்.

“எப்ப?”

“காலையில. பதறிடுவேன்னுதான் சொல்லல. உன் நல்லதுக்குத்தான்யா.”

பிச்சைமுத்து கோதண்டத்தின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். அது துணிச் சட்டை, சுலபமாகக் கிழிந்தது. நாலு பேர் விலக்கினார்கள். மருதை அழவில்லை. இரண்டு மாதமாக அழக் கூடாது, சிரிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது என்று அடக்கிப் பழகிய உடம்பு, சட்டையை விட்டு இறங்கிய பிறகும் அப்படியே இருந்தது.

---

ஞாயிற்றுக்கிழமை காரியம் முடிந்து, திங்களன்று மொட்டைத் தலையோடு வந்தவரை ஜெசிந்தா சிஸ்டம் அறைக்குக் கூப்பிட்டாள். இந்தத் தடவை அவர் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். இதைச் சரிபண்ண மூணு மாசம் ஆகாது. ஒரு நாள் போதும். நான்தான் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

“சரிபண்ணினா அன்னைக்கே உங்களை அனுப்பிடுவாங்க. மாத்திரை நின்னுடும். அதான்...”

மருதை மேசையில் கிடந்த ஒரு வயரை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“அந்தாளும் என் நல்லதுக்குத்தான்னு சொன்னான். நீயும் அதேதான் சொல்ற. எங்கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

ஜெசிந்தா கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

“கேட்டிருந்தா நானும் பொய் சொல்லச் சொல்லித்தான் சொல்லியிருப்பேன். அது வேற. ஆனா கேட்டிருக்கணும்ல?”

“கேட்டிருக்கணும்ணே.”

“சரி, இப்பக் கேளு.”

“என்ன செய்யட்டும்?”

“எனக்கு ஆபரேஷன் பண்ணணும். வேலையும் போகக் கூடாது. இன்னொண்ணு, இனி ஒருத்தன் நெஞ்சை இன்னொருத்தன் பிடிச்சு வச்சுக்கற மாதிரி இருக்கக் கூடாது.” எழுந்தார். “முடியுமான்னு யோசிச்சுட்டுச் சொல்லு. அவசரமில்ல. மூணு மாசம்கூட எடுத்துக்க.”

---

எம்.டி.யிடம் ஜெசிந்தா உண்மையைப் பேசவில்லை. அவருக்குப் புரிகிற மொழியில் பேசினாள்.

“சார், அந்த நெஞ்சு பொங்கல் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டரே சொல்றாரு. நின்னுடுச்சுன்னா பதினோரு கிடங்கும் நின்னுடும்.”

எம்.டி. தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “ரிப்பேர் பண்ணா துடிப்பு மாறிடாதா? அப்புறம் சட்டைக்கு அவனை அடையாளம் தெரியாதே?”

“மாறும். அதனால பொங்கலுக்கு எல்லாக் கிடங்குக்கும் லீவு விடுங்க. அதுக்குள்ள ஆபரேஷன் முடியட்டும். அந்த லீவுல நானும் என் வேலையை முடிச்சு, ஒவ்வொரு சட்டையையும் அந்தந்த ஆளு பேருக்குப் பிரிச்சுடறேன். இனி ஒரு ஆளை நம்பி நீங்க இருக்க வேண்டாம்.”

கடைசி வரி அவருக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பொங்கலுக்கு அரை நாளுக்கு மேல் விட்டதில்லை. அந்த வருடம் பண்டிகை முழுக்க விட்டார்கள், சம்பளத்தோடு. பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் மருதைக்கு ஆபரேஷன் நடந்தது. எம்.டி. சென்னையிலிருந்து வந்து கட்டிலருகே நின்று, மயக்கம் தெளியாத மருதையின் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். ‘தொழிலாளியின் இதயத்தைக் காத்த இதயம்’ என்று பத்திரிகையில் வந்தது. படத்தில் மருதை வாயைத் திறந்தபடி தூங்கினார். பார்க்கிறவர்களுக்கு நன்றி சொல்வதுபோலத் தெரிந்தது.

விடுமுறை முடிந்தது. சட்டைகள் எழுந்தன. மருதை இல்லாமலே எழுந்தன. எம்.டி. திரையில் தோன்றி, “எல்லாம் பிரிச்சாச்சாம்மா?” என்றார்.

“பிரிச்சாச்சு சார். அவனவன் பேரு அவனவன் சட்டையில.”

“குட். அப்ப அந்த மருதையை...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அறைச் சுவரில், சட்டம் போட்டு, அந்தப் பத்திரிகைப் படம் மாட்டியிருந்தது. பெரியவர்கள் பலர் போன் செய்து பாராட்டிய படம். “...ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க” என்று முடித்தார். தன் பெருந்தன்மை தன்னையே மாட்டிவிட்டதில் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

ஜெசிந்தா சொன்னது பொய்யில்லை. பெயர் அவனவன் பெயர்தான். நெஞ்சைப் பற்றி எம்.டி. கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்தத் தடவை எடுத்த மாதிரியில் ஓர் ஆளும் இல்லாமல் சுத்தமாக அழித்திருந்தாள். பிறகு ஒவ்வொரு செட்டின் எல்லாச் சட்டையிலும் அந்தச் செட்டின் எல்லா நெஞ்சையும் ஏற்றிவிட்டிருந்தாள். சட்டை எவன் பெயரிலும் இருக்கலாம், செட்டில் எவன் ஏறினாலும் எழுந்து நிற்கும். களைத்தால் இறக்கிவிடும், அடுத்தவன் ஏறும்வரை காத்திருக்கும். வருகை மட்டும் பெயருக்கு உரியவன் கணக்கில் விழும். செய்வதற்கு முன்னால் இதை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் மருதையிடம் கேட்டாள். “சரி” என்றார். பிச்சைமுத்துவிடமும் கேட்டாள். அவர், “இதைத்தானே பாப்பா நாங்க காலங்காலமா இயங்குதளம் இல்லாம பண்ணிட்டிருந்தோம்?” என்றார்.

அந்தக் கோடையில் பிச்சைமுத்துவுக்கு முதுகுத் தட்டு நகர்ந்துவிட்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. காலையில் சட்டைக்குள் ஏறி இறங்குவதற்கே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மற்ற நேரம் அட்டிக்குப் பின்னால் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டு எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தீபாவளிக்கு முன்னால் கோதண்டம் கிடங்கு வாசலில் புது ஃப்ளெக்ஸ் கட்டினார்.

மருதை அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கயிறு கட்டுகிறவன், “யாருண்ணே இந்த வருஷம்?” என்று கேட்டான்.

“நம்ம மேஸ்திரிதான்” என்றார் மருதை. “நெஞ்சு நிமிர்ந்து நிக்கறாரு பாரு. முதுகுக்கு ஒரு தலகாணி வச்சுப் படம் எடுத்தோம். அது தெரியாம கட்டு.”